லீவுக்கு வரும் குழந்தைக்கு என்ன வாங்குவது: சேலத்துக் கடைவீதிக்குப் போகுமுன்

அரையாண்டு லீவு, கிறிஸ்துமஸ், பொங்கல் என்று அடுத்தடுத்து வரும் நாட்களில் முதல் அக்ரகாரத்துப் பக்கம் கால் வைக்க இடமிருக்காது. அந்த நெரிசலில் கண்ணில் பட்டதை எடுத்து வந்தால் மூன்றாம் நாள் அது கட்டிலுக்கு அடியில் கிடக்கும். அதனால் முதலில் குழந்தையின் அம்மாவுக்கோ அம்மாயிக்கோ போன் போட்டு, “இப்ப எதை வெச்சு விளையாடிட்டே இருக்கான்?” என்று கேளுங்கள். எத்தனை வயது என்பதைவிட இந்தப் பதில் உதவும். அலமாரியிலிருந்து பாத்திரத்தை இழுத்து இழுத்துப் போடுகிறான் என்றால், ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் கிண்ணங்கள் அவனுக்குப் பிடிக்கும். நாற்காலியைத் தள்ளிக்கொண்டே நடக்கிறாள் என்றால் நடைவண்டி.

கூடவே, வீட்டில் இன்னும் சின்னக் குழந்தை இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். பரிசு ஆறு வயது அக்காவுக்காக இருக்கலாம். ஆனால் தவழும் தம்பி வாயில் போட்டால் என்ன ஆகும் என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

அதற்கு ஒரு சோதனை. கெட்டி அட்டையில் 3.2 செ.மீ. விட்டத்தில் வட்டமாக ஓர் ஓட்டை வெட்டி, அந்த அட்டையைப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். பொருளையோ அதிலிருந்து கழன்று வரக்கூடிய துண்டையோ எந்தப் பக்கமாகத் திருப்பியாவது அந்த ஓட்டை வழியே போனால், நீளமும் 6 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால், 3 வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டுக்கு அது வேண்டாம். பத்து ரூபாய் நாணயம் 27 மி.மீ.; அது தாராளமாக உள்ளே போய்விடும். பந்துக்கு இந்த அளவு போதாது. உருண்டையாக இருப்பதால் மூச்சுக்குழாய்க்கு மூடி போட்டதுபோல் அடைத்துவிடும். சின்னக் குழந்தைக்குப் பந்து 4.5 செ.மீ.க்கு மேல் இருக்கட்டும்.

சேலம் என்றால் கொலுசு. தாய்மாமன் வாங்கித் தரும் வெள்ளிக் கொலுசுக்கு ஈடாக எந்த பொம்மையும் நிற்காது, ஆனால் அதில் தொங்கும் சலங்கை முத்துகள் எல்லாமே மேலே சொன்ன ஓட்டையில் நுழைகிற அளவுதான். செவ்வாய்ப்பேட்டைக் கடையில் உட்கார்ந்தே ஒவ்வொரு முத்தையும் விரலால் பிடித்து இழுத்துப் பாருங்கள். முத்தைப் பிடித்திருக்கும் வளையத்தின் வாய் பற்றவைத்து மூடியிருக்க வேண்டும். வெறுமனே நெருக்கி மடக்கியிருந்தால் குழந்தை இரண்டு நாள் தவழ்ந்ததும் வாய் திறந்து முத்து உதிரும். பிறகு கொலுசைப் பழைய வேட்டித் துணியில் ஒருமுறை உருவுங்கள். நூல் மாட்டினால் அந்த இடம் தோலையும் கீறும். அளவுக்கு, கணுக்காலைச் சுற்றி நூல் பிடித்து ஒன்றரை செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள், கொக்கிப் பக்கம் நான்கைந்து வளையம் கூடுதலாக இருந்தால் கால் வளர வளர இளக்கிக்கொள்ளலாம். எத்தனை டச் வெள்ளி, அதாவது வெள்ளியின் சுத்தம் எவ்வளவு என்பதை வாயால் கேட்டால் போதாது, பில்லில் எழுதி வாங்குங்கள். இரவு தூங்கும்போது கழற்றிவிடச் சொல்லுங்கள். ஒரு வயதுக்குள் என்றால் முத்தே இல்லாத கொலுசுதான் நல்லது.

நடைவண்டியில் நடக்கும் தவறு வேறு. மண் தரைக்குச் செய்த வண்டி டைல்ஸ் தரையில் வழுக்கி ஓடும், குழந்தை முகம் குப்புற விழும். பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டிச் சக்கரத்தில் மாட்டினால் வேகம் அடங்கும். குழந்தையை உட்காரவைத்து ஓட்டும் வாக்கர் மட்டும் வேண்டவே வேண்டாம். படியில் உருண்டு அடிபடுவதால் கனடா 2004-லேயே அதன் விற்பனைக்குத் தடை போட்டுவிட்டது.

மூன்று, நான்கு வயதுக்கு மரச் சொப்பு போதும், கொஞ்சம் பெரிய அளவில். சமைத்து விளையாடப் பயறோ ஜவ்வரிசியோ கொடுக்காதீர்கள். மூக்கில் திணித்துக்கொண்டால் ஈரத்தில் ஊறிப் பெருத்து எடுப்பதே பாடாகிவிடும். ஒரு உருண்டை சப்பாத்தி மாவு கொடுத்தால் அன்று முழுக்க ஓடும்.

2021 ஜனவரி 1 முதல் இங்கே விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பதிவு செய்த கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு என்பதால் மரப்பொம்மையில் முத்திரை இல்லாமலும் இருக்கலாம். அப்போது ஈரத் துணியால் இருபது தடவை அழுத்தித் தேயுங்கள். சாயம் ஒட்டினால் வாங்காதீர்கள். ஒட்டாவிட்டாலும் சாயத்தில் ஈயம் இல்லை என்று ஆகிவிடாது, ஆகவே வாயில் வைக்கும் வயதுக்குச் சாயமே இல்லாத மரம்தான் சரி.

விளக்கு எரிந்து பாட்டுப் பாடும் பொம்மையைத் திருப்பிப் பாருங்கள். பேட்டரி மூடிக்கு ஸ்க்ரூ இல்லையென்றால் அங்கேயே வைத்துவிடுங்கள். பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் புண்ணாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்கவைக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

ஐந்து, ஆறு வயதுக்குப் பல்லாங்குழி. 14 குழி, குழிக்கு ஐந்து என்றால் 70 காய். புளியங்கொட்டையைக் கழுவி இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, தொலைவதற்கும் சேர்த்து 80 போட்டு, மூடி இறுக்கமான டப்பாவில் கொடுங்கள்.

ஏற்காடு போகிற குடும்பமாக இருந்தால் மூன்று மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடி ஒன்று, கோடு போடாத நோட்டு, இரண்டு பென்சில். பத்து மடங்குக் கண்ணாடியைப் பார்த்து மயங்காதீர்கள். அதைக் கண்ணுக்கும் பொருளுக்கும் மிக நெருக்கத்தில் ஆடாமல் பிடிக்க வேண்டும், குழந்தை கையால் ஆகாது. மூன்று மடங்குக் கண்ணாடியைப் பொருளுக்கு மேலே நாலு விரல் உயரத்தில் பிடித்தாலே தெளியும். சூரியனைப் பார்க்கவோ சருகில் வெயிலைக் குவிக்கவோ கூடாது என்று கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். டிசம்பரில் சேர்வராயன் மலைத் தோட்டங்களில் காப்பிப் பழம் சிவந்திருக்கும். தோட்டக்காரரிடம் கேட்டு ஒரு பழம் வாங்கிப் பிதுக்கிக் காட்டுங்கள். தட்டைப் பக்கம் ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு கொட்டை இருக்கும், எப்போதாவது உருண்டையாக ஒரே கொட்டை. அதைப் பீபெரி என்பார்கள். எத்தனை பழத்தில் ஒற்றைக் கொட்டை வந்தது என்று நோட்டில் கோடு போட்டு எண்ணச் சொல்லுங்கள்.