ஊருக்குப் போகும் முன் அம்மாவின் எலும்பையும் பாருங்கள்

சிங்கப்பூரிலிருந்து அம்மாவை ஊருக்கு அழைத்துப் போகும்போது சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாம் தவறாமல் பெட்டிக்குள் போய்விடும். எலும்பைப் பற்றி மட்டும் யாரும் விசாரிப்பதில்லை, குளியலறையில் வழுக்கி விழும்வரை.

டிக்கெட் போடும்போதே ஒரு கணக்குப் போடுங்கள். மாதவிலக்கு நின்ற பெண்ணின் வயதிலிருந்து எடையைக் (கிலோவில்) கழிக்க வேண்டும். 70 வயது, 46 கிலோ என்றால் 24. விடை 20-ஐத் தாண்டினாலே எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் பற்றி டாக்டரிடம் கேட்டாக வேண்டும். 0 முதல் 20 வரை என்றால், முன்பு லேசாக விழுந்தே எலும்பு முறிந்திருக்கிறதா, நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டாரா என்பதையும் சேர்த்துப் பார்ப்பார்கள். ஆசியப் பெண்களுக்கென்றே வந்த கணக்கு இது. பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) இதைச் சொல்லியே பேச்சைத் தொடங்கலாம்.

ஸ்கேன் சில நிமிட வேலைதான், கதிர்வீச்சும் மிகக் குறைவு. முந்தைய நாளிலிருந்து கால்சியம் மாத்திரை மட்டும் வேண்டாம். இளவயதினரின் எலும்பு அடர்த்தியோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண்தான் டி-ஸ்கோர். அது மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்புப்புரை, அதாவது எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நோய்.

“ஊரில் மலிவாச்சே, அங்கேயே எடுத்துக்கலாம்” என்பார்கள். தொடர் சிகிச்சை சிங்கப்பூரில் என்றால் ஸ்கேனும் இங்கேயே இருக்கட்டும். ஒரு மெஷினின் எண்ணை இன்னொரு மெஷினின் எண்ணோடு நேராக ஒப்பிட முடியாது. இலவச முகாமில் குதிகாலை வைத்துப் பார்ப்பதை வைத்து நோய் உண்டு, இல்லை என்று முடிவுகட்டவும் கூடாது.

ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது தேதியை. எலும்பு அடர்த்தியைக் கூட்டும் டெனோசுமாப் ஊசி 6 மாதத்துக்கு ஒருமுறை. அதைத் தள்ளிப்போட்டால் சேர்ந்த அடர்த்தி வேகமாகக் கரையும். முதுகெலும்பில் ஒன்றுக்கு மேற்பட்ட முறிவுகூட வரலாம். மூன்று மாதம் தங்கப் போகிறவர் ஊசித் தேதியைப் பார்த்துவிட்டே திரும்பும் நாளைக் குறிக்கட்டும். இடையில் தேதி விழுந்தால் கிளம்புமுன் டாக்டரிடம் பேசிவிடுங்கள். குளிர்பெட்டியில் வைக்க வேண்டிய மருந்து அது, கைப்பையில் போட்டுக்கொண்டு போகிற சமாசாரமில்லை.

எலும்புப்புரைக்கு வாரம் ஒரு அலென்ட்ரோனேட் மாத்திரை என்றால் வெறும் வயிறு, வெறும் தண்ணீர், அதன்பின் அரைமணி நேரம் படுக்கவும் கூடாது, எதுவும் சாப்பிடவும் கூடாது. எழுந்ததுமே டிகிரி காபியை நீட்டும் அத்தைக்கு இதை முதல் நாளே சொல்லிவைப்பது நல்லது.

மற்றபடி பஸ்ஸில் கடைசி சீட் வேண்டாம், ஒரு குலுக்கல் போதும். பெட்டியை நீங்கள் தூக்குங்கள். பழநியில் ரோப் காரும் வின்ச்சும் இருக்கின்றன.