கொட்டாங்குச்சியிலிருந்து லித்தியம் அயனி மின்கலத்துக்கான நுண்துளைக் கார்பன்

லித்தியம் அயனி மின்கலங்களின் ஆனோடில் (எதிர்மின்முனையில்) பெரும்பாலும் கிராஃபைட்டே இடம்பெறுகிறது. ஆறு கார்பன் அணுக்களுக்கு ஒரு லித்தியம் என்ற கணக்கில், அதன் கொள்ளளவு கிராமுக்கு 372 மில்லி ஆம்பியர் மணியோடு நின்றுவிடுகிறது. நுண்துளைக் கார்பன் இந்த வரம்பைத் தாண்டக்கூடும். ஆனால் மின்பகுளி நனைக்கும் பரப்பு கூடக் கூட, முதல் மின்னேற்றத்திலேயே அதன்மேல் ஒரு படலம் உருவாகி, லித்தியத்தை மீளாதபடி விழுங்கிவிடும். மீமின்தேக்கிக்கு (சூப்பர்கெப்பாசிட்டர்) எழுதப்பட்ட செய்முறையை இங்கே அப்படியே எடுத்தாளக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்; கிராமுக்கு 2,000 சதுர மீட்டர் பரப்பு அங்கே பெருமை, இங்கே இழப்பு.

முற்றிய தேங்காயின் கொட்டாங்குச்சியில் லிக்னின் என்ற மரப்பொருள் மிகுதி, சாம்பல் குறைவு. நாரைச் சுரண்டி எடுத்து, உடைத்துக் கழுவி, 110 டிகிரி செல்சியஸில் உலர்த்தி, குழாய் உலையில் நைட்ரஜன் ஓட்டத்தில் நிமிடத்துக்கு 5 டிகிரி வீதம் 600 டிகிரிக்கு ஏற்றி இரண்டு மணி நேரம் வைக்க வேண்டும். வெளியேறும் தார்ப்புகை குளிர்ந்து குழாயை அடைத்துக்கொள்ளும் என்பதால், அதன் வாயை அவ்வப்போது பார்த்துக்கொள்வது நல்லது. கிடைத்த கரியை நன்றாகப் பொடித்துச் சலிக்கவும்.

அடுத்து, கரியையும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடையும் சம எடையில் கலந்து நிக்கல் மூசையில் இட வேண்டும். உருகிய காரம் அலுமினாவையும் கண்ணாடியையும் அரித்துவிடும். கலவை நுரைத்துப் பொங்கும் என்பதால் மூசையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம். நைட்ரஜனில் 700 டிகிரியில் ஒரு மணி நேரம் போதும். காரம் கார்பனைத் தின்று கார்பனேட்டாக மாறும்போது ஹைட்ரஜன் வெளிவருவதால், வெளியேறும் வாயுவைப் புகைக்கூண்டுக்குள் விட வேண்டும். வெப்பம் மேலும் கூடினால் பொட்டாசியம் உலோகமே ஆவியாகி, குழாயின் குளிர்ந்த முனையில் பளபளப்பாகவோ சாம்பல் நிறமாகவோ படியலாம். அதன்மேல் ஒரு துளி நீர்கூடப் படக் கூடாது. உலை அறை வெப்பநிலைக்கு வந்தபின், நைட்ரஜனை நிறுத்தாமலேயே ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைச் சிறிது சிறிதாக விட்டு அதைச் செயலிழக்கச் செய்க.

பின்பு பொடியை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் மெதுவாகக் கழுவுக, ஏனெனில் கார்பனேட் சீறும். அதன்பின் சூடான அயனியகற்றிய நீரால், வடிநீரில் ஒரு சொட்டு வெள்ளி நைட்ரேட் விட்டாலும் வெண்ணிறக் கலங்கல் தோன்றாத நிலை வரும் வரை கழுவி, 120 டிகிரியில் வெற்றிடத்தில் உலர்த்துக. ஆர்கானில் 1,000 டிகிரிக்கு மறுபடி சூடாக்கினால் ஆக்சிஜன் தொகுதிகள் நீங்கும், குறுகிய துளைவாய்கள் சுருங்கும். பலர் தவிர்க்கும் இந்தப் படியை நான் தவிர்க்கச் சொல்ல மாட்டேன்.

மின்முனைக்குக் கார்பன் 80, கடத்து கரி 10, பிணைப்பானான பிவிடிஎஃப் 10 என்ற எடை விகிதம் போதும். நுண்துளைப் பொடி கரைப்பானை உறிஞ்சிக்கொள்வதால், கரைப்பானான என்எம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாகவே சேர்த்துக் குழைத்து, செப்புத் தகட்டில் மெல்லப் பூசி, இரவு முழுதும் வெற்றிடத்தில் உலர்த்துக. ஆர்கான் கையுறைப் பெட்டிக்குள் லித்தியம் தகட்டை எதிரே வைத்து நாணயக்கலம் அமைத்து, 0.01 முதல் 3 வோல்ட் வரை சோதிக்கலாம்.

முதல் சுற்றில், உள்ளே சென்ற மின்னூட்டத்தில் எவ்வளவு திரும்பியது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். பாதிகூடத் திரும்பவில்லை என்றால் காரத்தைக் குறைக்கவும். லித்தியம் தகடு குறையை ஈடுகட்டிவிடுவதால் சோதனைக் கலத்தில் இந்த இழப்பு உறைக்காது. லித்தியம் தகட்டுக்குப் பதில் கேத்தோடு (நேர்மின்முனை) இருக்கும் முழுக் கலத்தில் அதைக் கேத்தோடுதான் சுமக்கும். 1 வோல்ட்டுக்கு மேல் திரும்பும் மின்னூட்டம் முழுக் கலத்தின் மின்னழுத்தத்தைக் குறைப்பதால், மொத்தக் கொள்ளளவோடு அதற்குக் கீழே கிடைப்பதையும் தனியே குறித்துக்கொள்க.