தானியத்திலிருந்து ஐரிஷ் ரெட் ஏல்: முதல்முறை காய்ச்சுபவர்களுக்கு

ஐரிஷ் ரெட் ஏல் என்ற பீரின் செந்நிறத்துக்குக் காரணம் ஒரு கைப்பிடி வறுத்த பார்லி. நாலு கிலோவுக்கு மேல் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) போகும் பானத்தில் அது வெறும் 80 கிராம்தான். அதைக் கூட்டினால் காபி வாசனை ஏறி ஸ்டவுட் என்ற கருநிற பீர் பக்கம் போய்விடும், விட்டுவிட்டால் சாதாரண வெளிர்நிற பேல் ஏல் ஆகிவிடும். அயர்லாந்தின் கில்கென்னியில் 1710-ல் தொடங்கிய ஸ்மித்விக்ஸ்தான் இந்த வகையில் பலருக்கும் தெரிந்த பெயர். மெல்லிய கேரமல் இனிப்பு, கொஞ்சம் டோஸ்ட் மணம், கடைசி வாயில் நாக்கில் ஒரு வறட்சி. அவ்வளவுதான் இதன் குணம். கசப்பும் போதையும் அடக்கமாகவே இருக்கும்.

வீட்டில் பீர் காய்ச்ச உங்கள் நாட்டுச் சட்டம் இடம் தருகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே சொல்வது பை முறை. பெரிய துணிப்பையில் தானியத்தைப் போட்டு ஒரே பாத்திரத்தில் வேலையை முடிக்கலாம். தொடங்குபவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்பது என் கருத்து.

20 லிட்டருக்குத் தேவையானவை

பேல் ஏல் மால்ட் 4 கிலோ (மாரிஸ் ஆட்டர் கிடைத்தால் அதையே வாங்குங்கள்)
நடுத்தர கிரிஸ்டல் மால்ட் 250 கிராம்
வறுத்த பார்லி 80 கிராம்
ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ் (East Kent Goldings) வகை ஹாப்ஸ், அதாவது கசப்பும் மணமும் தரும் பூ, 50 கிராம்
ஏல் ஈஸ்ட் ஒரு பாக்கெட், 11.5 கிராம் (எஸ்-04 போதும்)
ஐரிஷ் மாஸ் ஒரு டீஸ்பூன்

40 லிட்டர் பாத்திரம், வலைத்துணிப் பை, தெர்மாமீட்டர், ஹைட்ரோமீட்டர் (நீரில் கரைந்த சர்க்கரையை அடர்த்தி வழியாகக் காட்டும் கருவி), ஏர்லாக்கோடு (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத அடைப்பு) மூடியுள்ள நொதிகலன் ஆகியவையும் வேண்டும். மால்ட்டை விற்பவரிடமே உடைத்து வாங்குங்கள். உமி முழுசாக, உள்ளே இருக்கும் மாவு மட்டும் நொறுங்கி இருந்தால் அரைப்பு சரி.

மாஷ் (தானியத்தை வெந்நீரில் ஊறவைத்தல்)

27 லிட்டர் தண்ணீரை 70 டிகிரி வரை சூடாக்குங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் பீரில் மருந்து வாடை வரும். அரை கேம்ப்டன் மாத்திரையைப் பொடித்துக் கலந்தால் அது போய்விடும். அடுப்பை அணைத்து, பையைப் பாத்திர விளிம்பில் மாட்டி, தானியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக் கிளறுங்கள். கட்டி விழுந்தால் உள்ளே இருக்கும் மாவு நனையாமலே போகும், கரண்டியால் உடைத்துவிடுங்கள்.

வெப்பம் 67 டிகிரியில் வந்து நிற்க வேண்டும். மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும் நொதிகள் பார்லிக்குள்ளேயே இருக்கின்றன, அவை வேலை செய்ய இந்தச் சூடுதான் தேவை. 64-க்குக் கீழே போனால் பீர் மெலிந்து வறண்டுவிடும், 70-ஐத் தாண்டினால் ஈஸ்ட் தின்ன முடியாத சர்க்கரை மிஞ்சி இனிப்பு தூக்கலாகத் தெரியும். பாத்திரத்தைக் கம்பளியால் சுற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். நடுவில் ஒருமுறை கிளறிச் சூட்டைப் பார்த்தால் போதும், அடிக்கடி திறந்தால் சூடு இறங்கிவிடும்.

ஆரம்பத்தில் கஞ்சி போலக் கலங்கி இருந்த நீர் ஒரு மணி நேரத்தில் தெளிந்து, தொட்டால் விரல் ஒட்டும். பையைத் தூக்கி வடியவிட்டு, கையுறை போட்டுப் பிழிந்துவிடுங்கள். மிஞ்சும் இந்த இனிப்பு நீரின் பெயர் வோர்ட். கொஞ்சம் எடுத்து ஆறவைத்து ஹைட்ரோமீட்டரில் பாருங்கள், 1.038 பக்கம் வர வேண்டும். குறைந்தால் கூடுதலாகக் கொதிக்கவிட்டுச் சரிசெய்யலாம், ஆனால் அளவும் கொஞ்சம் குறையும்.

கொதி

கொதி வரும் நேரம் அடுப்பை விட்டு நகராதீர்கள். புரதம் திரண்டு நுரை சரசரவென்று மேலே வரும், பொங்கினால் அடுப்பெல்லாம் பிசுபிசுப்புதான். நுரை அடங்கியதும் 35 கிராம் ஹாப்ஸைப் போட்டு 60 நிமிடக் கணக்கைத் தொடங்குங்கள். கடைசி 15 நிமிடத்தில் மீதி 15 கிராமும் ஐரிஷ் மாஸும் சேருங்கள். ஐரிஷ் மாஸ் அட்லாண்டிக் கரைகளில் கிடைக்கும் கடற்பாசி, பீரைத் தெளிய வைக்கும். கடைசி வரை மூடி போடாமல் கொதிக்கட்டும்.

அப்புறம் வேகமாக ஆற வைக்க வேண்டும். செம்புச் சுருள்குழாய் இருந்தால் அதுதான் வசதி, இல்லையென்றால் பாத்திரத்தை ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் இறக்குங்கள். 18 டிகிரிக்கு வந்ததும் நொதிகலனுக்கு மாற்றலாம். இந்தக் கட்டத்திலிருந்து வோர்ட்டைத் தொடும் ஒவ்வொரு பொருளும், கரண்டி, குழாய், மூடி, உங்கள் கை உட்பட, கிருமிநீக்கம் செய்யப்பட்டிருக்க வேண்டும். வீட்டுப் பீர் பெரும்பாலும் கெடுவது இந்த இடத்தில்தான், இதில் சோம்பல் கூடாது.

நொதித்தல்

ஊற்றும்போது உயரத்திலிருந்து ஊற்றி நுரைக்க விடுங்கள், ஈஸ்ட் வளர ஆக்ஸிஜன் தேவை. காற்றைக் கலக்க வேண்டிய ஒரே நேரம் இது. பிறகு காற்று பட்டால் அட்டை வாசம் வரும். ஹைட்ரோமீட்டர் இப்போது 1.044 காட்டினால் அருமை. ஈஸ்டைத் தூவி மூடுங்கள்.

முதல் மூன்று நாள்தான் முக்கியம். நொதிக்கும்போது கலனே சூடாகும், அறையைவிட இரண்டு மூன்று டிகிரி கூடவே இருக்கும். அதனால் அறைச் சூட்டைப் பார்க்காமல் கலனில் ஒட்டிய வெப்பப் பட்டையைப் பாருங்கள். 18 முதல் 19 டிகிரிக்குள் பிடித்து வைத்தால் பழவாடை தலைதூக்காது, மால்ட்டின் சுவை முன்னால் நிற்கும். கலனைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து ஐஸ் பாட்டில் மாற்றி மாற்றிப் போட்டாலே இது முடியும். நுரை அடங்கிய பின் 20, 21 வரை ஏறவிடுங்கள். வெண்ணெய் வாடை தரும் டைஅசிட்டைலை ஈஸ்ட் அப்போதுதான் தின்று முடிக்கும்.

பத்து நாளுக்குப் பிறகு ஹைட்ரோமீட்டரில் அளந்து பாருங்கள். 1.011 பக்கம் வந்து, இடையில் இரண்டு மூன்று நாள் விட்டு அளந்தாலும் மாறாமல் இருந்தால் நொதித்தல் முடிந்தது. ஆல்கஹால் சுமார் 4.3 சதவீதம் இருக்கும். ஏர்லாக்கில் குமிழி நின்றதை மட்டும் நம்பி பாட்டிலில் அடைக்காதீர்கள், மிச்சச் சர்க்கரை உள்ளே நொதித்தால் பாட்டில் வெடிக்கும்.

பாட்டில்

100 கிராம் சர்க்கரையை ஒரு கப் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆற்றி, சுத்தமான கலனில் ஊற்றுங்கள். அதன்மேல் பீரை அடி வண்டல் கலங்காமல் குழாய் வழியாக மெதுவாக இறக்கி, பீர் பாட்டில்களில் நிரப்பி மூடுங்கள். கனமில்லாத கண்ணாடி பாட்டில் வேண்டாம். அறை வெப்பத்தில் இரண்டு வாரம் வைத்தால் வாயு பிடிக்கும், மூன்றாவது வாரத்தில் சுவை கூடி வரும். பனிக்கட்டி போல் குளிர்ந்தால் மால்ட் மணமே தெரியாது, 8 முதல் 12 டிகிரியில் ஊற்றுங்கள். பாட்டில் அடியில் ஒரு விரல் பீரை ஈஸ்ட்டோடு விட்டுவிடுங்கள்.

டம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். செம்பு நிறம் வெளிறித் தெரிந்தால் அடுத்த முறை வறுத்த பார்லியை 90 கிராமாக்குங்கள், பழுப்பேறி இருந்தால் 60-க்கு இறக்குங்கள். ஒவ்வொரு உற்பத்தியாளரின் வறுவலும் கொஞ்சம் மாறும், மற்ற அளவுகளை அப்படியே வைத்து இதை மட்டும் மாற்றுங்கள்.