ஷேவ் முடிந்ததும் பிளேடைத் துடைக்காதீர்கள்

ஷேவ் முடிந்ததும் பிளேடைக் கழற்றி, துண்டில் நன்றாகத் துடைத்து, மறுபடி ரேசரில் மாட்டி வைப்பது நல்ல பழக்கம் என்றுதான் பல வருடம் நினைத்திருந்தேன். மூன்றாவது நாளே அது முடியைப் பிடித்து இழுக்கும். பிளேடு சரியில்லை என்று தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததைப் பிரிப்பேன். அது எப்படித் தயாராகிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் கெடுத்தது துண்டு என்று புரிந்தது.

இருபக்கப் பிளேடின் தடிமன் 0.1 மில்லிமீட்டர். சுமார் 13 சதவீதம் குரோமியம் கலந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நாடா, சுருளாக ஆலைக்கு வருகிறது. உலோகம் இளக்கமாக இருக்கும்போதே நடு ஓட்டைகளை அடித்துவிடுவார்கள். அப்புறம் 1000 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, சட்டென்று குளிரவைத்து, பூஜ்யத்துக்கும் கீழே கொண்டுபோய் இறுக வைப்பார்கள். பிறகு வரிசையாகச் சாணைக்கற்கள், கடைசியில் தோல் சக்கரம். கூர் வந்துவிட்டது, ஆனால் வேலை முடியவில்லை. பிளேடுகளை அடுக்கி வெற்றிட அறைக்குள் வைத்து, விளிம்பின் மேல் குரோமியம், பிளாட்டினம் போன்றவற்றை மிக மெல்லியதாகப் படியவைத்து, அதற்கும் மேலே டெஃப்லானைத் தெளித்து, அது உருகும் 327 டிகிரியைத் தாண்டிச் சூடேற்றி ஒட்டவைக்கிறார்கள். நான்ஸ்டிக் தோசைக்கல்லில் இருக்கும் அதே டெஃப்லான்தான். விளிம்பு முடிக்குள் இழுக்காமல் இறங்குவதற்கு இதுதான் காரணம், அதன் கனமோ ஒரு மைக்ரான்கூட இல்லை. அதைப் போய்த் துண்டால் தேய்த்தால் என்ன மிஞ்சும்?

குழாயடியில் இரண்டு பக்கமும் கழுவி, ரேசரை நாலு உதறு உதறி, காற்றுப்படுகிற இடத்தில் வைத்தால் போதும். தினமும் கழற்றவே வேண்டாம். உப்புத் தண்ணீர் வருகிற வீடாக இருந்தால் மட்டும் உதறுவதைக் கொஞ்சம் அக்கறையாகச் செய்யுங்கள், விளிம்பில் தண்ணீர் நின்று காய்ந்தால் உப்பு அங்கேயே படிந்துவிடும், ஸ்டெயின்லெஸ் என்றாலும் புள்ளி விழும்.

கண்ணாடி டம்ளருக்குள் பிளேடைத் தேய்த்துக் கூர் ஏற்றுவது, உள்ளங்கையில் தீட்டுவது, இப்போது ஜீன்ஸ் துணியில் தேய்ப்பது, இதெல்லாம் இன்னொரு தவறு. அந்தக் காலத்தில் இதில் நியாயம் இருந்தது. ஜில்லெட் 1903-ல் விற்க ஆரம்பித்தது கார்பன் ஸ்டீல் பிளேடு, சீக்கிரம் துருப்பிடிக்கும், மேலே பூச்சு எதுவும் கிடையாது, அதனால் துடைத்தார்கள், தீட்டினார்கள். 1960-ல் அதே கம்பெனி சிலிக்கோன் பூசிய பிளேடைக் கொண்டுவந்தது. அடுத்த ஓரிரு வருடங்களில் பிரிட்டனின் வில்கின்சன் ஸ்வோர்டு, பூச்சுள்ள ஸ்டெயின்லெஸ் பிளேடை இறக்கிச் சந்தையையே கலக்கியது, ஆனால் பூச்சுக்கான காப்புரிமை ஜில்லெட்டிடம் இருந்ததால் போட்டியாளருக்கே பணம் கட்டவேண்டி வந்தது. அன்றோடு பிளேடு மாறிவிட்டது, நம் கைப்பழக்கம்தான் மாறவில்லை.

புது பிளேடை முதல் ஷேவிலேயே மட்டம் என்று ஒதுக்குவதும் அவசரம். ஆலையிலிருந்து வரும்போது டெஃப்லான் தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே ஒட்டியிருக்கும், முதல் சில இழுப்புகளில் உபரி விலகி, மெல்லிய படலம் மட்டும் தங்கும். எனக்குப் பெரும்பாலும் இரண்டாவது ஷேவ்தான் சுகமாக இருக்கிறது. கூர் பார்க்கிறேன் என்று நகத்தில் உரசுவது, காகிதத்தை வெட்டிப் பார்ப்பது இரண்டும் வேண்டாம்.

பாக்கெட்டில் 'பிளாட்டினம்' என்று இருந்தால் பிளேடே பிளாட்டினம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உடம்பு ஸ்டீல்தான், பிளாட்டினம் விளிம்பில் மட்டும், அதுவும் பெரும்பாலும் குரோமியத்தோடு கலந்து. ஏமாற்று இல்லை, விளிம்பு சீக்கிரம் மழுங்காமலிருக்க அது உதவத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் பெயருக்காகவே இரண்டு மடங்கு விலை கொடுப்பதற்கு முன்னால் ஒரு பாக்கெட் வாங்கி உங்கள் தாடியில் பார்த்துவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட வருத்தமான தவறு, காய்ந்த தாடியில் அவசரமாக இழுப்பது. பிளேடு முடியைவிடச் சுமார் 50 மடங்கு கடினமானது, அப்புறம் எப்படித்தான் மழுங்குகிறது? அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் மைக்ராஸ்கோப் வைத்துப் பார்த்தார்கள். விளிம்பு மெதுவாகத் தேய்வதைவிட, ஸ்டீலின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடங்களில், வளைந்துகொடுக்கும் ஒற்றை முடி பட்டே சில்லு சில்லாகப் பெயர்கிறது. ஊறிய முடியை வெட்டக் குறைந்த விசை போதும். எனவே இரண்டு மூன்று நிமிடம் வெந்நீரில் தாடியை நனைத்து, பிரஷ்ஷால் நுரை போட்டு, அழுத்தாமல் ரேசரின் எடையிலேயே இழுங்கள்.

தீர்ந்த பிளேடைக் குப்பைக் கவரில் அப்படியே போடாதீர்கள். முகத்துக்கு மழுங்கிய பிளேடு, குப்பையைப் பிரிக்கிறவர் விரலை இன்னும் ஆழமாகவே வெட்டும். பழைய பவுடர் டப்பா மூடியில் ஒரு கீறல் போட்டு அதற்குள் சேர்த்துவாருங்கள், நிரம்பியதும் வாயை டேப் ஒட்டி மூடி, உள்ளே பிளேடு என்று மேலே எழுதிக் கொடுங்கள்.