ஒரே சர்வர், பல வாடிக்கையாளர்கள்: பங்கு வைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேனி மாவட்டக் கம்பம் ஊரில் ஒரு சிறிய அலுவலகம். வாடகைக்கு எடுத்த ஒரே சர்வரில் நான்கு வாடிக்கையாளர்கள் என்று வைத்துக்கொள்வோம்: போடி ஏலக்காய் வியாபாரியின் கணக்கு மென்பொருள், குமுளி விடுதியின் முன்பதிவுத் தளம், சின்னமனூர் பழ மண்டி, உள்ளூர் டியூஷன் சென்டர். ஆளுக்கு 25 சதவீதம் என்று நறுக்கிக் கொடுத்தால் நியாயம் ஆகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

இந்த நால்வருக்கும் ஒரே நேரத்தில் பசிப்பதில்லை. வியாபாரிக்கு ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் முடிந்த மாலையில் வேலை குவியும். விடுதிக்குக் கார்த்திகை முதல் மகரவிளக்கு வரை ஐயப்ப பக்தர்கள் கூட்டம். டியூஷன் சென்டருக்குத் தேர்வு மாதம். சமமாக நறுக்கிப் பூட்டிவிட்டால், ஏல மாலையில் சர்வரின் முக்கால் பங்கு சும்மா கிடக்க, வியாபாரியின் பில் மட்டும் நகராமல் நிற்கும்.

சர்வரை இயக்கும் லினக்ஸில் சிபியு நேரத்தைப் பங்கிட இரண்டு வழிகள் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்வது மிகப் பரவலான தவறு. ஒன்று எடை (சிபியு.வெயிட்). இயல்பு மதிப்பு 100. நால்வருக்கும் 100 என்றால், நால்வரும் கேட்கும்போது ஆளுக்குக் கால் பங்கு. இருவர் மட்டும் கேட்டால் அரைப் பங்கு. ஒருவர் மட்டும் என்றால் முழுவதும் அவருக்கே. மற்றொன்று உச்சவரம்பு (சிபியு.மேக்ஸ்). ஒவ்வொரு 100 மில்லிவிநாடியிலும் 25 மில்லிவிநாடி என்று வரம்பு வைத்தால், அது தீர்ந்தவுடன் சர்வர் காலியாக இருந்தாலும் நிறுத்திவைத்துவிடும். நான்கு கோர் (தனித்தனியே வேலை செய்யும் சிபியுப் பகுதி) உள்ள சர்வரில் வியாபாரியின் மென்பொருள் நான்கு இழைகளாக, அதாவது ஒரே நேரத்தில் நான்கு வேலைகளாக, ஓடினால், அந்த 25 மில்லிவிநாடி ஆறேகால் மில்லிவிநாடியிலேயே கரைந்துவிடும். மீதி 93 முக்கால் மில்லிவிநாடி கைகட்டி நிற்க வேண்டியதுதான். வெளியிலிருந்து பார்த்தால் சர்வர் ஓய்வாகத் தெரியும், வாடிக்கையாளரோ போனில் கத்திக்கொண்டிருப்பார். 'சிபியு.ஸ்டாட்' கோப்பில் 'என்ஆர்_திராட்டில்டு' எண், அதாவது எத்தனை முறை நிறுத்திவைக்கப்பட்டது என்பது, ஏறுகிறதா என்று பார்த்தால் உண்மை புரிந்துவிடும்.

முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சும் இந்தப் பள்ளத்தாக்கில் எடையின் தர்க்கத்தை யாருக்கும் விளக்கத் தேவையில்லை: மேல்மடைக்காரருக்கு வேண்டாத தண்ணீர் கீழ்மடைக்குப் போகும். ஆனால் நினைவகத்துக்கு இந்தக் கணக்கு செல்லாது. சிபியு நேரத்தை அடுத்த நொடியே திரும்ப வாங்கலாம். கொடுத்த நினைவகத்தை அப்படி வாங்க முடியாது. அங்கே உச்சவரம்பு கட்டாயம். அதிலும் 'மெமரி.மேக்ஸ்' மட்டும் வைத்தால், எல்லையைத் தொட்டு மீட்க வழியில்லாதபோது லினக்ஸின் மையமான கெர்னல் நேராகப் பிராசஸை, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரலை, கொன்றுவிடும். அதற்குக் கீழே 'மெமரி.ஹை' வைத்தால் முதலில் வேகம் குறையும், நமக்கும் கவனிக்க அவகாசம் கிடைக்கும்.

அடுத்த தவறு, யாரை எண்ணுகிறோம் என்பதில் இருக்கிறது. 2007-ல் லினக்ஸ் 2.6.23-ல் வந்த, யாருக்கு எப்போது சிபியு என்று தீர்மானிக்கும் திட்டமிடல் முறை ஒவ்வொரு பிராசஸுக்கும் நியாயம் செய்தது. விடுதித் தளம் நாற்பது பிராசஸ் ஓட்டி, வியாபாரி ஒன்றே ஒன்று ஓட்டினால், நாற்பதுக்கு ஒன்று என்று பிரியும். அதைப் போய் நியாயம் என்று வியாபாரியிடம் சொல்ல முடியுமா? கூகுள் பொறியாளர்கள் 2006-ல் தொடங்கிய சி-குரூப்ஸ் (பிராசஸ்களைக் குழுக்களாகக் கட்டும் வசதி), 2008 ஜனவரியில் 2.6.24 கெர்னலில் சேர்ந்தபோது குழுவாக எண்ணும் வசதியும் வந்தது. ஆனால் எல்லாத் தளங்களையும் ஒரே பயனர் பெயரில் ஓட்டுபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அப்படி ஓட்டினால் கெர்னலுக்கு நால்வரும் ஒருவர்தான். வாடிக்கையாளருக்குத் தனிப் பயனர், தனிக் குழு என்பதில் சமரசம் கூடாது.

அதைச் செய்த பிறகும் தரவுத்தளம் ஏமாற்றும். மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருள் எல்லோருக்கும் பொதுவாக ஓடுவதால், டியூஷன் சென்டர் கேட்கும் கனமான அறிக்கை அதன் கணக்கில் ஏறாது, மைஎஸ்கியூஎல்லின் கணக்கில்தான் ஏறும். மொத்த இணைப்புகளின் இயல்பு வரம்பு 151. ஒரே தளம் அத்தனையையும் பிடித்துக்கொண்டால் மற்ற மூவருக்கும் கதவடைப்பு. 'மேக்ஸ்_யூசர்_கனெக்‌ஷன்ஸ்' என்ற ஒரு வரியைக் கணக்குவாரியாக வைத்தால் போதும். எத்தனை பேர் வைக்கிறார்கள் என்பது வேறு கதை.

நள்ளிரவு 12 மணிக்கே எல்லோருடைய பேக்கப்பையும் வைப்பதை விட்டுவிடுங்கள், முன்பின்னாகச் சிதறவிடுங்கள். வட்டில் ஜிபி கணக்கோடு கோப்புகளின் எண்ணிக்கைக்கும் கோட்டா வையுங்கள். லட்சக்கணக்கான குட்டிக் கோப்புகள், இடம் மிச்சமிருக்கும்போதே வட்டை முடக்கிவிடும்.

கோரிக்கைகளைக் கட்டுப்படுத்தும்போது ஐபி முகவரியை மட்டும் நம்புவதும் ஆபத்து. பழ மண்டியில் ஒரே ரவுட்டருக்குப் பின்னால் பத்துப் பேர் இருப்பார்கள். மொபைல் நெட்வொர்க்கிலோ முன்பின் தெரியாத பலர் ஒரே பொது முகவரியில் வருவார்கள். உள்நுழைந்த கணக்கை வைத்து எண்ணுங்கள். மறுக்கும்போது சர்வரே பழுது என்று சொல்லும் 500 பிழையைக் காட்டிப் பயமுறுத்தாமல், இதற்கென்றே 2012-ல் வரையறுக்கப்பட்ட 429 குறியீட்டை அனுப்பி, எவ்வளவு நேரம் கழித்து வரலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

'அன்லிமிடெட்' என்று விற்றுவிட்டு வரம்பு வைப்பவர்களிடம் எனக்கு இரக்கமே கிடையாது. அந்தச் சொல்லை விலைப்பட்டியலிலிருந்து அடித்துவிட்டு, யாருக்கு எவ்வளவு உறுதி, நெரிசலில் என்ன நடக்கும், எப்போது எச்சரிக்கை வரும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். குமுளி விடுதிக்காரருக்கு அதை மலையாளத்திலும் தர வேண்டும். அதுவும் கார்த்திகை பிறப்பதற்கு முன்பே. அந்த இரண்டு மாதங்களுக்கு அவருடைய எடையை 200 ஆக்கி, அதற்கான கூடுதல் கட்டணத்தை முன்கூட்டியே பேசி முடித்துவிடலாம். அதற்கு மேலும் அவருக்குப் போதவில்லை என்றால், தண்டிக்காமல் தனிச் சர்வருக்கு மாற்றிக் கொடுங்கள்.