அம்பாசிடரில் டேப்பட் சத்தம்: காது கொடுத்துக் கேட்டு, கேப் வைத்து, அடக்குவது

எங்கள் வீட்டு அம்பாசிடர் மார்க் 4. உள்ளே இருப்பது 1489 சிசி பெட்ரோல் எஞ்சின், 1959 முதல் இந்த வண்டியில் வந்த பழைய பிரிட்டிஷ் பி.எம்.சி. வடிவம். இங்கே சொல்வதெல்லாம் அந்த எஞ்சினுக்குத்தான். பின்னால் வந்த 1.8 இசுஸு எஞ்சினுக்கு அளவும் வேறு, முறையும் வேறு.

டேப்பட் என்று இங்கே சொல்வது, எஞ்சின் தலையில் வால்வை அமுக்கித் திறக்கும் ராக்கர் என்ற கையையும் அதன் வால்வையும் சேர்த்துத்தான். ராக்கர் நுனிக்கும் வால்வு தண்டுக்கும் நடுவே விடும் சிறு இடைவெளிதான் கேப். டிக் டிக் என்று சத்தம் கேட்டால் உடனே ஸ்பேனரைத் தூக்காதீர்கள். கேப்பைக் குறைத்துவிட்டால் சத்தம் அப்போதைக்கு நின்றுவிடும். ஆனால் எரிந்த புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை இறக்கி வைப்பது, எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டில் உள்ள தன் சீட்டில் (வால்வு பதிந்து மூடும் வளையத்தில்) உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான். கேப் இல்லாத வால்வு முழுதாக உட்காராது, எரிந்துபோகும். பாளையங்கோட்டையில் எனக்கு இந்த வேலையைக் கற்றுத்தந்த மேஸ்திரி, லேசாகப் பேசுகிற டேப்பட்டை விட்டுவிடச் சொல்வார். எனக்கும் அதே கருத்துதான். தையல் மெஷின் மாதிரி ஒரே சீராக, மெலிதாக வரும் டிக் டிக் இந்த எஞ்சினின் இயல்பு. அதில் ஒன்று மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு அடித்தால்தான் வேலை.

முதலில் டிப் ஸ்டிக். எண்ணெய் குறைந்தாலோ, பழசாகித் தண்ணீராய் ஓடினாலோ ராக்கர்கள் கோத்திருக்கும் தண்டான ராக்கர் ஷாஃப்ட்டுக்குப் போதிய எண்ணெய் ஏறாது, மேலே கிடந்து அடிக்கும். நான் 20டபிள்யூ-50 போடுகிறேன். சத்தத்தை அடக்கும் என்று விற்கிற மருந்து பாட்டில்களுக்கு இங்கே வேலையில்லை. அவை பெரும்பாலும், எண்ணெய் அழுத்தத்தால் கேப்பைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பட்டைச் சுத்தம் செய்வதற்கானவை; நம் எஞ்சினில் அது கிடையாது.

அடுத்து, சத்தம் எப்போது வருகிறது என்று பாருங்கள். காலையில் எஞ்சின் பச்சைத் தண்ணீராய்க் குளிர்ந்து கிடக்கும்போது டிக் டிக் என்று அடித்து, சூடேறியதும் மறைந்துவிட்டால் புகை வெளியேறும் குழாயான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் பேக்கிங் மேல் சந்தேகப்படலாம். இரும்பு விரிந்து ஓட்டையை அடைத்துக்கொள்கிறது. மேனிஃபோல்டு ஹெட்டோடு சேரும் இடத்தில் கரி படிந்த கறுப்புக் கோடு இருந்தால் சந்தேகமே வேண்டாம். இருட்டில் பானெட்டைத் திறந்து வைத்து ஓடவிட்டால், பிளக் ஒயர் பாடிக்குத் தாவுவது நீல ஒளியாகத் தெரியும். அதுவும் டிக் டிக் என்றுதான் கேட்கும். ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சிறிது நேரம் மட்டும் ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் குற்றவாளி டைனமோவோ வாட்டர் பம்போதான்.

பெரிய கவலை ஒன்று உண்டு, பிக் எண்ட் பேரிங், அதாவது கனெக்டிங் ராடு கிராங்க் ஷாஃப்ட்டோடு சேரும் இடத்துப் பேரிங். அது கீழேயிருந்து டொக் டொக் என்று கனமாக வரும், ஆக்ஸிலேட்டரை மிதித்தால் கூடும். எஞ்சினை நிறுத்தி, ஒரு பிளக்கின் ஒயரைக் கழற்றி எர்த்தில் வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். நான்கு பிளக்குக்கும் ஒவ்வொன்றாக இப்படி. எந்தச் சிலிண்டரில் சத்தம் குறைகிறதோ அங்கே பேரிங்கோ பிஸ்டனோ தேய்ந்திருக்கிறது, வண்டியை ஓட்டாதீர்கள். டேப்பட் சத்தம் இதற்கெல்லாம் மாறாது.

டேப்பட்தான் என்று முடிவானதும், அடிப்பது எது என்று கண்டுபிடிக்க எனக்குப் பிடித்த வழி இது. ராக்கர் கவரின் இரண்டு நட்டையும் எடுத்துக் கவரைத் தூக்குங்கள். எஞ்சினை ஐடிலில் ஓடவிடுங்கள். வேட்டி, துண்டு எதுவும் ஃபேன் பக்கம் தொங்கக் கூடாது. கேப் அளக்கும் ஃபீலர் கேஜின் மெல்லிய தகடு ஒன்றை ராக்கரின் நுனிக்கும் வால்வு தண்டுக்கும் நடுவே செருகுங்கள். ஒன்றாம் வால்விலிருந்து எட்டு வரை போய்க்கொண்டே இருங்கள். எங்கே செருகியதும் சட்டென்று சத்தம் அடங்குகிறதோ, அதுதான். விரல் நுனியில் தகடு படபடப்பதும் மற்றவற்றைவிட அங்கே பலமாகத் தெரியும்.

இனி கேப். இந்த எஞ்சினுக்கு 15 தௌ (தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது 0.38 மில்லிமீட்டர். வண்டி நன்றாகச் சூடேறிய பிறகுதான் நான் வைப்பேன். பிளக் நான்கையும் கழற்றிவிட்டால் முன்னால் ஹேண்டில் போட்டு எஞ்சினைச் சுலபமாகச் சுற்றலாம். கணக்கு ஒன்பது. 8-வது வால்வு முழுதாக அமுங்கி நிற்கும்போது 1-ஐ வையுங்கள். 6 அமுங்கும்போது 3, 4 அமுங்கும்போது 5, 7 அமுங்கும்போது 2. பிறகு 1 அமுங்கும்போது 8, 3-க்கு 6, 5-க்கு 4, 2-க்கு 7. எப்போதும் கூட்டினால் ஒன்பது வர வேண்டும். இந்த வரிசையில் போனால் ஹேண்டிலை வீணாகச் சுற்ற வேண்டியிருக்காது.

லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவைத் திருப்புளியால் திருப்புங்கள். தகடு லேசாக இழுத்துக்கொண்டு நகர வேண்டும்; வழுக்கி ஓடவும் கூடாது, மாட்டிக்கொள்ளவும் கூடாது. பலர் கோட்டை விடுவது அடுத்த படியில். லாக் நட்டை முறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே இம்மி திரும்பிவிடும். திருப்புளியை அசையாமல் பிடித்துக்கொண்டு முறுக்கி, மறுபடியும் தகடு விட்டுப் பாருங்கள்.

சரியாக வைத்தும் அதே ராக்கர் அடிக்கிறதா? நுனியைத் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள். வால்வு தண்டு இடித்து இடித்து அரைவட்டமாய்ப் பள்ளம் விழுந்திருக்கும். தகடு அந்தப் பள்ளத்தின் இரு கரைமேலும் பாலம்போல் கிடப்பதால் 15 தௌ என்று காட்டும். உண்மையான கேப் அதைவிட அதிகம். அந்த ராக்கரை மாற்றத்தான் வேண்டும். ராக்கரைப் பக்கவாட்டில் அசைத்தால் கொடகொடவென்று ஆடினால் புஷ்ஷோ ஷாஃப்ட்டோ தேய்ந்திருக்கிறது. ஷாஃப்ட்டின் மேல்பக்கம் பளபளவென்று இருக்கும், நம்பாதீர்கள், தேய்வது அடிப்பக்கம். ஆனால் அவசரப்பட்டு ஷாஃப்ட்டைக் கழற்றாதீர்கள். அதைப் பிடித்திருக்கும் நட்டுகளில் நான்கு ஹெட்டையும் சேர்த்துப் பிடிப்பவை. ரேடியேட்டர் தண்ணீரை இறக்கி, ஹெட் நட்டுகள் எல்லாவற்றையும் வரிசைப்படி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். இல்லாவிட்டால் ஹெட் கோணிக்கொள்ளும்.

இன்னொன்று, எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது. முன்பு அடித்துக்கொண்டிருந்த எக்ஸாஸ்ட் டேப்பட் ஒன்றும் செய்யாமலே அமைதியாகிவிட்டால், அன்றைக்கே கேப் பாருங்கள். 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல்தான். இந்தப் பழைய ஹெட்டில் சீட்டுகள் ஈயத்தின் பாதுகாப்பை நம்பிச் செய்யப்பட்டவை. இப்போது வால்வு கொஞ்சம் கொஞ்சமாகச் சீட்டுக்குள் இறங்குகிறது, கேப் தானாகச் சுருங்குகிறது. திரும்பத் திரும்ப அதே வால்வு சுருங்கினால் ஹெட்டை இறக்கிக் கடினமான சீட் போடுவதே தீர்வு.

கவரை மூடும்போது கார்க் பேக்கிங் சரியாகப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று சுற்றிலும் தடவிப் பாருங்கள். நட்டை ரொம்ப முறுக்கினால் கவர் வளைந்து எண்ணெய் கசியும், அது மேனிஃபோல்டில் சொட்டிப் புகையும். ஐந்து நிமிடம் ஓடவிட்டு, கவரின் ஓரமெல்லாம் காய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு பானெட்டை மூடுங்கள்.