ஆஃப்டர்மார்க்கெட் ஈசியு, பியூஸ் பாக்ஸ்: பொருத்தும்போது செய்யக்கூடாத தவறுகள்

வெளியே வாங்கிய புது ஈசியு (எஞ்சினை இயக்கும் கணினிப் பெட்டி) போட்ட வண்டி சூடேறினால் மிஸ்ஸாகிறது, ஃபேன் ஓடினால் ஐடில் இறங்குகிறது என்றால் பலரும் முதலில் கைவைப்பது மேப்பில், அதாவது பெட்ரோல் எவ்வளவு, ஸ்பார்க் எப்போது என்று ஈசியுவுக்குள் எழுதிய அட்டவணையில்தான். டியூனரிடம் நாலு தடவை போய் வந்தபின் பார்த்தால் கோளாறு எர்த்தில் இருக்கும், இல்லையென்றால் பெட்டியைப் பொருத்திய இடத்தில் இருக்கும். மேப்பை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். வெட்டிய வயரை ஒட்டுப்போடாமல் நீட்ட முடியாது. அதனால் வயரிங்கை முடித்துவிட்டு இடம் தேடுவதுதான் எல்லாவற்றுக்கும் முந்திய தவறு. ஈசியு, பியூஸ் பாக்ஸ் இரண்டின் அளவுக்கும் அட்டையில் மாதிரி வெட்டி, வண்டிக்குள் வைத்துப் பாருங்கள். கனெக்டரின் லீவரைத் திறக்கவும் ஹார்னெஸ் (வயர்க்கட்டு) வளையவும் குறைந்தது 10 செ.மீ. இடைவெளி வேண்டும். லேப்டாப் கேபிள் செருகும் வாய்க்குக் கை எட்ட வேண்டும்.

தண்ணீர் புகாத உறை கொண்ட ஈசியு என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் எஞ்சின் பக்கம் வைக்காதீர்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு அருகே வெப்பம் எளிதாக 85 டிகிரியைத் தாண்டும். பல ஈசியுக்களின் வரம்பே அதுதான். சரியான இடம் குளோவ் பாக்ஸுக்குப் பின்னால். முன் சீட்டின் கால்மிதிக்கு அடியில், கார்ப்பெட்டுக்குக் கீழே ஒளித்துவைப்பது அழகாகத் தெரியும். ஆனால் பெங்களூரு மழையில் அண்டர்பாஸில் ஒருமுறை தண்ணீர் ஏறினாலும், ஏசி டிரெயின் குழாய் அடைத்தாலும் ஈரம் தேங்கும் முதல் இடம் அதுதான். கனெக்டர் வாய் கீழ்நோக்கியோ பக்கவாட்டிலோ இருக்கட்டும். ஹார்னெஸ் ஒருமுறை கீழே இறங்கி வளைந்து, பிறகு மேலேறி கனெக்டருக்குள் போகட்டும். அப்போது வயர் வழியே வழியும் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும்.

ஈசியுவுக்குள்ளேயே மேப் சென்சர் (MAP, மேனிஃபோல்டு அழுத்தத்தை அளப்பது; மேலே சொன்ன மேப் வேறு) இருந்தால் இன்னொரு விதி சேரும். இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து வரும் வேக்யூம் ஹோஸ் ஈசியு வரை சீராக மேலேறிப் போக வேண்டும். நடுவில் தொங்கினால் பெட்ரோல் ஆவி அங்கே திரவமாகித் தேங்கும், ரீடிங் தடுமாறும், நாளடைவில் சென்சரும் போகும். பிரேக் பூஸ்டர் குழாயில் T இணைப்பு போட்டு எடுக்காதீர்கள். பிளீனத்தில் (மேனிஃபோல்டின் காற்று அறையில்) தனி வாய் வேண்டும்.

செல்ஃப் டேப்பிங் ஸ்குரூவால் ஈசியுவை நேராக பயர்வாலில் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகட்டுச் சுவரில்) அடிப்பது, டபுள் டேப்பில் ஒட்டுவது இரண்டுமே வேண்டாம். 3 மி.மீ. அலுமினியத் தகடு ஒன்று, நாலு எம்6 ரப்பர் புஷ் போதும். ஹார்னெஸை கனெக்டரிலிருந்து 10–15 செ.மீ. தூரத்தில் அதே தகட்டில் கட்டுங்கள். பாடியில் கட்டினால் ஈசியு ரப்பரில் ஆடும்போது ஹார்னெஸ் ஆடாது. இழுப்பு முழுக்கப் பின்களில் விழும். பயர்வாலில் துளை போட்டால் விளிம்பை அரத்தால் தேய்த்து ரப்பர் குரோமெட் போடுங்கள். கனெக்டர் அந்தத் துளையில் நுழையாது என்பதால் வயரை முதலில் நுழைத்து, பின்னைப் பிறகு அடிக்க வேண்டும்.

எர்த்தில்தான் அதிகம் தப்பு நடக்கிறது. ஈசியுவின் பவர் எர்த் எல்லாம் எஞ்சின் பிளாக்கிலோ ஹெட்டிலோ ஒரே போல்ட்டில், பெயிண்ட் சுரண்டிய பளிச்சென்ற உலோகத்தில் சேர வேண்டும். சென்சர் எர்த் பாடியையோ பிளாக்கையோ தொடவே கூடாது. ஈசியுவின் சென்சர் எர்த் பின்னுக்கு மட்டும் போக வேண்டும். இரண்டையும் கலந்தால் ஃபேனோ பம்போ கரண்ட் இழுக்கும்போதெல்லாம் சென்சரின் பூஜ்ஜியமே நகரும். 5 வோல்ட் சென்சரில் 0.2 வோல்ட் நகர்ந்தால் 4 சதவீதம் பிழை. டியூனர் அதற்கும் சேர்த்துத்தான் மேப் எழுதிக்கொண்டிருப்பார். க்ராங்க் சென்சர் வயரின் ஷீல்டை (வயரைச் சுற்றிய உலோக உறையை) ஈசியு முனையில் மட்டும் இணையுங்கள். சோதனை எளிது. எஞ்சின் ஓட, ஃபேன், ஹெட்லைட் எல்லாம் எரிய, பேட்டரி நெகடிவுக்கும் ஈசியு எர்த் பின்னுக்கும் இடையே மல்டிமீட்டர் 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது.

இனி பியூஸ் பாக்ஸ். ஆன்லைனில் வாங்கும் 12 வழிப் பெட்டிகள் பலவற்றில் உள்ளே எல்லா பியூஸுக்கும் கரண்ட் தரும் உலோகப் பட்டை, அதாவது பஸ்பார், ஒன்றுதான். அதை நேராக பேட்டரியில் கொடுத்தால் எல்லா லைனும் எந்நேரமும் உயிரோடு இருக்கும். மெயின் ரிலேயின் 87 பின்னிலிருந்து (ரிலே இயங்கினால் மட்டும் கரண்ட் வரும் முனை) வரும் லைன்களுக்கு ஒரு பெட்டி, நேரடி பேட்டரி லைன்களுக்கு இன்னொரு பெட்டி என்று பிரியுங்கள். பெங்களூரு சிவாஜிநகர் குஜரியில் (பழைய பொருள் சந்தையில்) கிடைக்கும் பழைய கார் பியூஸ் பாக்ஸ்கள் உண்மையிலேயே நல்ல தயாரிப்பு. ஆனால் பிடி தளர்ந்த டெர்மினலோடு போட்டால் சூடேறி உருகும். டெர்மினலை மட்டுமாவது புதிதாக மாற்றுங்கள்.

பியூஸ் காப்பது வயரை. முதலில் லோட், பிறகு அதற்கேற்ற வயர், கடைசியில் வயர் தாங்கும் பியூஸ். 12 ஓம் இன்ஜெக்டர் ஒன்று சுமார் 1.2 ஆம்ப் இழுக்கும். நாலுக்கும் 10 ஆம்ப் சிவப்பு பியூஸ் போதும். மணிக்கு 255 லிட்டர் பம்புக்கு 2.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) வயரும் 20 ஆம்ப் மஞ்சள் பியூஸும். ரேடியேட்டர் ஃபேனுக்கு 4 ஸ்கொயரும் 30 ஆம்ப் பச்சையும். பெட்டிக்கு வரும் மெயின் வயர் 10 ஸ்கொயர் என்றால் 60 ஆம்ப் மெயின் பியூஸ், அதுவும் பேட்டரியிலிருந்து 15–20 செ.மீ.க்குள். தூரத்தில் வைத்தால் நடுவில் உராய்ந்து ஷார்ட்டாகும் வயரைக் காக்க எதுவும் இருக்காது. வீட்டு வயரிங் வயர் எஸ்பி ரோட்டில் மலிவாகக் கிடைக்கும். எஞ்சின் பக்கம் அது கூடவே கூடாது. அதன் இன்சுலேஷன் 70 டிகிரிக்குத்தான். 125 டிகிரி தாங்கும் ஆட்டோமோட்டிவ் வயரைக் கேட்டு வாங்குங்கள். பேஸ்மென்ட் பார்க்கிங்கில் எலித்தொல்லை இருந்தால் நெளிகுழாய் போடாமல் விடாதீர்கள்.

ஈசியுவை எழுப்பும் லைனை ஏசிசி வயரில் (சாவியின் முதல் நிலையில் ரேடியோ போன்றவற்றுக்கு வரும் லைனில்) எடுப்பவர்கள் நிறைய. செல்ஃப் அடிக்கும் நொடியில் பல வண்டிகளில் ஏசிசி அணைந்துவிடும். ஈசியு தூங்கும், எஞ்சின் சுற்றும், பிடிக்காது. செல்ஃப் அடித்துக்கொண்டே மீட்டரில் பார்த்து, வோல்ட் பூஜ்ஜியமாகாத இக்னிஷன் வயரைத் தேர்ந்தெடுங்கள். இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு: சாவியை எடுத்தபின்னும் எஞ்சின் ஓடுவது. ஃபேன் ரிலே காயிலுக்கு நேரடி பேட்டரி கொடுத்திருந்தால், சில ஈசியுக்களில் அந்த வழியே கரண்ட் பின்னோக்கி நுழைந்து ஈசியுவை விழித்திருக்கச் செய்யும். ஈசியு இயக்கும் ரிலே காயில்கள் எல்லாம் மெயின் ரிலேக்குப் பின்னாலிருந்து எடுக்கட்டும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் மெயின் பியூஸைத் தவிர எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஈசியு பியூஸிலிருந்து ஒவ்வொன்றாகப் போடுங்கள். ஒவ்வொரு முறையும் எந்தப் பின்னில் 12 வோல்ட் வருகிறது என்று பாருங்கள். பம்ப் பியூஸ் போட்டதும் சாவியைத் திருப்பினால் பம்ப் இரண்டு மூன்று நொடி ஓடி நிற்க வேண்டும். சாவி ஆஃபில் இருக்கும்போதே ஓடினால், ஐந்து பின் ரிலேயில் 87-க்குப் பதில் 87ஏ-யில் (ரிலே இயங்காதபோது கரண்ட் வரும் முனையில்) வயர் கொடுத்திருக்கிறீர்கள்.